சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த படம்

என் மகள் பிலோமியின் கலியாணத்தை அறிவித்துக் கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் ஓலையில் முதல் ஓலை வாசித்த மறுநாள், எங்கள் நான்கு வருஷச் சேமிப்பு இல்லை என்று ஆகிவிட்டது. விசுவாசிகளே, அதற்குப் பிறகு வந்த பத்து நாளில் நான் அழுததையும், கோபித்ததையும், கடைசியில் வயிறு வலிக்கச் சிரித்ததையும் உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சர்வேசுரனுக்குத் தோத்திரமாகச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

நாங்கள் சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரர்கள். என் வீட்டுக்காரர் சவரிமுத்து கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். நான் மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டை வரை மீன் கூடை சுமக்கிறவள். பிலோமி எங்களுக்கு ஒரே பெண். இது நடந்தது 1934ஆம் வருஷம் ஐப்பசி மாதம்.

நான்கு வருஷத்துக்கு முன் எத்திராஜு என்ற ஏஜெண்டு, தலைப்பாகையும் கோட்டுமாகக் கரைக்கு வந்தான். மாதாமாதம் கட்டினால் பெண்ணின் கலியாணத்துக்குப் பணம் கொடுக்கிற கம்பெனி என்றான்.

"சீட்டு கட்னா சீட்டுக்காரன் ஓடிப்பூடுவான்க்கா. இது கம்பெனி. பில்டிங்கு எங்க ஓடும், நீயே சொல்லு?"

"அது சரி நைனா, புயல் மாசத்துல மரம் எறங்காதே, துட்டுக்கு எங்க போறது?" என்றேன்.

"அது கம்பெனிக்குத் தெரியாதா? ஐப்பசி, கார்த்திகை கட்ட வாணாம். எப்போ வேணும்னாலும் கட்ன துட்டு வாபஸ். இதோ, அச்சடிச்சே கீது பாரு" என்று மஞ்சள் நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்தான். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. நிறம் மட்டும் நன்றாக இருந்தது.

நான் ஏன் நம்பினேன் என்றால், எங்கள் கரையில் அந்த இரண்டு மாதம் யாரும் யாரிடமும் பாக்கி கேட்பதில்லை. அரிசிக் கடைக்காரர் கேட்பதில்லை. வலைக்கு நூல் விற்கிறவர் கேட்பதில்லை. கம்பெனியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். கடலையே பார்க்காத கம்பெனிக்குக் கடற்கரை வழக்கம் எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எத்திராஜும் அந்த மாதங்களில் வசூலுக்கு வரமாட்டான். தை பிறந்தால் சரியாக வந்து நிற்பான்.

பிலோமிக்கு நல்ல இடம் வாய்த்தது. மாப்பிள்ளை அருளப்பனுக்கு ரங்கூனில் தச்சு வேலை. கிறிஸ்துமஸுக்கு முன் வரும் ஆகமன காலம் தொடங்குமுன் கலியாணம். அந்த வாரமே கப்பல். பெண்ணுக்குக் கப்பல் டிக்கெட்டு நாங்கள் எடுப்பதாகப் பேச்சு. டிக்கெட்டு இல்லையென்றால் தாலி கட்டிய கையோடு அவன் மட்டும் போவான். மூன்று வருஷம் கழித்துத்தான் அவனுக்கு லீவு.

திங்கட்கிழமை நான் மாம்பலத்துக்கு நடந்தேன். புதிதாகக் கட்டிய தியாகராய நகரில், மாடியில் கம்பெனி. எத்திராஜு சொன்னது நிஜம், பில்டிங்கு ஓடவில்லை. எத்திராஜுதான் ஓடியிருந்தான். வேலையை விட்டுப் போய் ஆறு மாதமாம்.

மானேஜர், கம்பெனி எனக்குக் கொடுத்திருந்த இங்கிலீஷ் பத்திரத்தைப் புரட்டினார். "இங்க பாரும்மா, ரெண்டு மாசம் தவணை தவறினா பாலிசி செத்துப் போயிடும்னு இதுல போட்டிருக்கு. உன்னோடது மொதல் வருஷமே செத்தாச்சு."

"செத்த பொறவு மூணு வருசம் எங்கிட்ட துட்டு வாங்கினீங்களே ஐயா, அது இன்னா, திவசத்துக்கா?"

குமாஸ்தாக்கள் சிரித்துவிட்டார்கள். மானேஜர் சிரிக்கவில்லை. "ஏஜெண்டு வாயால சொன்னதுக்கெல்லாம் கம்பெனி ஜவாப்தாரி இல்லே. எழுத்துல இருந்தா கொண்டு வா, பாக்கறேன்."

எழுத்து! அந்த மஞ்சள் நோட்டீஸ்! வீட்டுக்கு ஓடிவந்து தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். பாய்க்குக் கீழே பார்த்தேன். இல்லை.

"மஞ்சக் காயிதமா? எங்கியோ பார்த்தா மாதிரிதான் கீது" என்று தலையைச் சொறிந்தார் என் வீட்டுக்காரர். "நீதான் யாருக்காவது மீனு மடிச்சுக் குடுத்துட்டிருப்பே."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் மடிக்காத காகிதம் ஏது? மார்க்கெட்டில் பக்கத்துக் கூடை கன்னியம்மா, "உன் துட்டை வஞ்சிர மீனு முழுங்கியிருந்தாக்கூட வயித்தைக் கிழிச்சு எடுத்துடலாம். கம்பெனி முழுங்கினா எங்கடி கிழிக்கிறது?" என்றாள். மற்றவர்கள் சொன்னால் கோபம் வரும். கன்னியம்மா சொன்னால் அழுகையிலும் சிரிப்பு வரும். அன்று சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அர்ச்சியசிஷ்ட அந்தோனியார் பீடத்தில் மெழுகுவர்த்தி வைத்தேன். காணாமற்போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர்தானே? தினமும் பூசைக்குப் போனேன். வீட்டில் மாட்டியிருந்த அவர் படத்துக்கு முன்னே காலையும் மாலையும் முழங்காலில் நின்றேன். இரண்டாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

மறு செவ்வாய் மத்தியானம் சம்பந்தியம்மாள் வந்தார். நல்ல மனுஷி. "கப்பல் ஆபீசுல கேக்கறாங்க சம்பந்தி. பேரு ஒண்ணு எழுதறதா, ரெண்டு எழுதறதா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். "சனிக்கிழமை சொல்றேன்" என்றேன். அவர் போனதும் பிலோமி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். அவள் முதுகைப் பார்த்தபோது என் நெஞ்சு வெடித்தது.

இங்கே என் பாவத்தைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கேட்டது கிடைக்காவிட்டால் அந்தோனியார் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார்கள். கொடுத்த பிறகுதான் முகத்தை இந்தப் பக்கம் திருப்புவார்கள். சாமியார் எத்தனையோ பிரசங்கத்தில் திட்டியிருக்கிறார். எனக்கு அந்த நேரம் சாமியாரும் ஞாபகம் இல்லை, பிரசங்கமும் ஞாபகம் இல்லை.

"எட்டு நாளா உன் மூஞ்சியைப் பார்த்துக்கினு கீறேன். நீ என் மூஞ்சியைப் பார்த்தியா? போ, சொவத்தையே பாரு!" என்று சொல்லி, ஆணியிலிருந்து படத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அழுது ஓய்ந்து நிமிர்ந்தேன். கதவு வழியாக வந்த வெயில் படத்தின் முதுகில் விழுந்திருந்தது. முதுகு மஞ்சளாக இருந்தது.

அந்த நான்கு வருஷத்தில் பிலோமியின் பழைய முதல் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே எழுத்துக் கூட்டப் பழகியிருந்தேன். கிட்டே போய் விரல் வைத்துக் கூட்டினேன். பு... ய... ல். மா... த... ங்... க... ளி... ல். 'புயல் மாதங்களில் தவணை கட்டவேண்டியதில்லை. வேண்டியபோது கட்டிய பணம் வாபஸ்.' கீழே கம்பெனி பேர். அதற்குக் கீழே மானேஜரின் பேரும் கையெழுத்தும், அச்சில்!

நான் போட்ட சத்தத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட ஆமாம்மே! உப்புக் காத்துல பின் அட்டை உளுத்துப்பூடுச்சுன்னு நான்தான் கஞ்சி தடவி ஒட்டினேன். கெட்டிக் காயிதமா இருந்துச்சா..."

"இத்தினி நாளா வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"மறந்துட்டேன். அவரு மறக்கல பாரு!" என்று படத்தைக் காட்டினார். தண்ணீர்க் குடத்தோடு வந்த பிலோமி, நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்துப் பயந்தே போனாள்.

எட்டு நாளாக நான் முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பதிலைப் பின்னால் நான்கு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தார்.

நோட்டீஸைப் பிய்த்தால் கிழியும். அதனால் புதன்கிழமை காலை படத்தையே கூடையில் நிறுத்தித் தலையில் வைத்துக்கொண்டு தியாகராய நகருக்கு நடந்தேன். மாடியேறி மானேஜர் மேஜைமேல் முதுகு தெரிய வைத்தேன்.

அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அவர் பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "இதை எங்கேம்மா வெச்சிருந்தே?"

"நான் வெக்கலீங்க. அவரு வெச்சிருந்தாரு" என்று படத்தைத் திருப்பினேன். பாலனைக் கையில் ஏந்திய அந்தோனியாரைப் பார்த்ததும் அந்த மனுஷர் சட்டென்று மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டார். அதை நான் மறக்கமாட்டேன். நம்முடைய வேதத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் செருப்பைக் கழற்றினார்.

"அடுத்த வாரம் வாயேன், டைரக்டரைக் கேட்டு..."

"வரேனுங்க. ஆனா இவரு அம்மாந் தூரம் வெயில்ல வந்துட்டாரு. பதில் வர்ற வரைக்கும் இங்கியே குந்தட்டும், நானும் கூட குந்திக்கிறேன்."

பெஞ்சியில் காத்திருந்த ஒரு கிழவர், "எங்காத்துலயும் அந்த மஞ்சள் நோட்டீஸ் இருக்குமே!" என்று எழுந்தார். மானேஜர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், படத்தையும் பார்த்தார். உள்ளே போனார். நான் ஒரு முழு செபமாலை சொல்லி முடித்தேன். திரும்பி வந்தவர், கட்டின பணம் முழுவதும் கொடுக்கும்படி குமாஸ்தாவிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"வட்டி?" என்றேன். ஆசை யாரை விட்டது?

"அதை உன் ஸ்வாமிகிட்டயே கேட்டுக்கோ" என்று அவர் முதல்முறையாகச் சிரித்தார். கெட்டவர் அல்ல. கம்பெனிச் சோறு சாப்பிடுகிறவர், அவ்வளவுதான்.

மூன்றாம் ஓலை வாசித்தபோது கோவிலில் தலை நிமிர்ந்து நின்றேன். கப்பல் ஆபீசில் இரண்டு பேரும் எழுதியாயிற்று. பிலோமி இப்போது ரங்கூனில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். பிள்ளையின் பேர் அந்தோனி என்று சொல்லவும் வேண்டுமா?

படத்தைத் திருப்பியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். கம்பிக்கு அப்பால் சாமியார் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. "இனிமேல் படத்தைத் திருப்பாதே. காகிதத்தைத் திருப்பிப் பார்" என்றார். அதை இன்றுவரை காப்பாற்றுகிறேன். செவ்வாய்தோறும் ஏழைகளுக்கு அந்தோனியார் ரொட்டி கொடுக்கிறேன். அந்தச் சாயங்காலமே கரையில் பெண்கள் தங்கள் பத்திரங்களையும் நோட்டீஸ்களையும் கொண்டுவருவார்கள். எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லுகிறேன். இங்கிலீஷில் இருந்தால், கைரேகை வைக்காதே என்று சொல்லுகிறேன்.

துன்பத்தில் இருக்கிற சகோதர சகோதரிகளே, சர்வேசுரன் உங்களுக்கு முதுகைக் காட்டிவிட்டார் என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. கோபம் வந்தால் அழுதே கேளுங்கள். ஆனால் கேட்பதை விடாதீர்கள். போன மாதம் படத்துக்குக் கண்ணாடி மாற்றக் கொடுத்தேன். கடைக்காரர் பழைய மஞ்சள் காகிதத்தைப் பிய்த்துவிட்டுப் புது அட்டை போடட்டுமா என்று கேட்டார். முன்பக்கம் எவ்வளவு பளபளப்பாக வேண்டுமானாலும் போடுங்கள் ஐயா, அவர் முதுகில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.