நானுஓயா வந்தாச்சு

ஈரக் காலுறை சூட்டில் காயும் வாசனை... கம்ப்யூட்டர் சர்வர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

இலங்கை மலையகத்து ஹட்டனில் எங்கள் தோட்டக் கம்பனியின் கிளை அலுவலகம். பழைய தேயிலைக் களஞ்சியம், தகரக் கூரை. ஊருலகமெல்லாம் சர்வர் அறைக்கு ஏ.சி. போட்டது. நாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்தோம். அந்தக் கட்டடத்திலேயே வெதுவெதுப்பான இடம் சர்வரின் பின்புறம்தான். மழையில் நனைந்து வருகிறவர்கள் காலுறையைக் கழற்றி அங்கே தொங்கவிட்டுவிடுவார்கள். நான் கத்துவேன். யார் கேட்டார்கள்?

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. வர்ச்சுவல் மெஷின் எங்கள் பக்கம் புதிதாக வந்திருந்தது. இருப்பது ஒரே இரும்புப் பெட்டி. அதற்குள் நான்கு கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடும். அவற்றுக்குப் பெயர் வைக்கும் உரிமை மட்டும் எனக்குக் கிடைத்தது.

ஹட்டன், தலவாக்கலை, வட்டகொடை, நானுஓயா.

கோச்சி மலையேறும் வழியில் வரும் ஸ்டேஷன்கள். ரயிலை நாங்கள் கோச்சி என்றுதான் சொல்வோம். தகவல் எல்லாம் 'ஹட்டனில்' இருந்தது. மற்ற மூன்றும் அதை நம்பி ஓடின.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் வீட்டுக்குப் போனபின் நான்கையும் நிறுத்தி, பிரதி எடுத்து, மறுபடி எழுப்ப வேண்டும். அதுதான் பேக்கப். கையால் செய்து முடிப்பதற்குள் டயகமவுக்கான கடைசி பஸ் போயிருக்கும்.

டயகமவில்தான் என் மனைவி கலா டீச்சராக இருந்தாள். கல்யாணம் ஆன புதிது. ஞாயிறு காலை போவேன், அன்று மாலையே திரும்புவேன்.

ஒருநாள் கலா சொன்னாள்: "பக்கத்து குவார்ட்டர்ஸ் டீச்சர் ஒங்கள கேஸ் சிலிண்டர் கொண்டாற ஆளுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமையே எங்கள் அலுவலகத் தலைவர் சிவநாதன் சேரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். நான்கையும் தானாக நிறுத்தி, பிரதி எடுத்து, எழுப்பும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டரைப் பாக்கக் கம்ப்யூட்டரையே விட்டுட்டுப் போகப் போறீரோ? நல்ல கதை! சரி, எழுதும். ஆனா ஒண்டு பிழைச்சாலும் பிறகு நீர் இஞ்ச வேலைக்கு வர வேண்டாம்."

எழுதினேன். அந்தச் சனிக்கிழமை பக்கத்தில் இருந்தே ஓட்டிப் பார்த்தேன். பாதியில் இறுகிப்போய் நின்றது. கொழும்பில் இருந்த நண்பனுக்கு போன் போட்டேன்.

"மச்சான், வட்டகொட விழுந்துருச்சுடா! நானுஓயாவும் அம்புட்டுதான். ஒண்ணையும் தூக்க முடியல!"

பின்னால் தேநீர்க் கோப்பை உடையும் சத்தம். திரும்பினால் எங்கள் டிரைவர் முத்து அண்ணன். காய்ந்த காலுறையை எடுக்க வந்தவர். அவர் மனைவி அன்று நானுஓயாவிலிருந்து கோச்சியில் வந்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஒற்றைக் காலுறையோடு ஸ்டேஷனைப் பார்த்து ஓடிவிட்டார்...

கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். அக்கா கையில் லீக்ஸ் காய்கறிக் கட்டு.

"யாரு தம்பி கோச்சிய கவுத்தது? நானுஓயாவுல ஏறுனேன், வட்டகொட வந்துச்சு, தலவாக்கல வந்துச்சு, ஹட்டன்ல எறங்குறேன்... இந்த மனுசன் பிளாட்பாரத்துல நின்னு அழுகுது!"

"அழுகல. மழத்தண்ணி," என்றார் அண்ணன்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பின் நடுவில் சட்டென்று நின்றேன்.

அக்கா வந்தது இறங்கும் கோச்சியில். நானுஓயா முதலில், ஹட்டன் கடைசியில். நானோ எழுப்பும்போதும் நிறுத்தும்போதும் 'ஹட்டனையே' முதலில் போட்டிருந்தேன். எல்லோரும் நம்பியிருந்ததை முதலில் படுக்கவைத்தால் மற்றவை என்ன செய்யும்? ஏறுவதற்கு ஒரு வரிசை என்றால், இறங்குவதற்கு அதன் தலைகீழ்!

வரிசையை மாற்றினேன். ஒரு பழைய போனை சர்வரில் கேபிளால் இணைத்து, கடைசி மெஷின் எழுந்ததும் எனக்கு எஸ்.எம்.எஸ். வரும்படி செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஸ்கிரிப்டை ஓடவிட்டு மதியமே டயகம பஸ் ஏறினேன். வேலை போனாலும் போகட்டும் என்று தைரியமாக ஏறியதாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் வழியெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

கலாவின் குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடையாது. பள்ளி மைதானத்துக் கோல் கம்பத்தடியில் மட்டும்தான் வரும். ஒரே குடைக்குள் இருவரும் போய் நின்றோம்.

"கோச்சி இப்ப எங்க வருது?"

"இந்நேரம் எறங்கிருக்கும். இனிமே ஏறணும்."

"ஏறிரும். சும்மா நகத்தக் கடிக்காதீங்க."

வெளிச்சம் மங்கும் நேரத்தில் போன் துடித்தது.

நானுஓயா வந்தாச்சு.

கலா போட்ட கூச்சலில் பக்கத்து டீச்சர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். கலா அங்கிருந்தே கத்தினாள்: "கேஸ்காரர் இல்ல டீச்சர்! எங்க வீட்டுக்காரரு! நாளைக்கும் இருப்பாங்க!"

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சிவநாதன் சேர் அந்த வேலையைத் தலைமை அலுவலகத்தில் தன் திட்டம் என்று காட்டிப் பரிசுக் கேடயம் வாங்கினார். அதைக்கூட விட்டுவிடலாம். நான் வைத்த பெயர்களை அழித்து சர்வர் ஏ, பி, சி, டி என்று மாற்றினாரே... அவருடைய ஃபேஸ்புக் நட்பு அழைப்பு இன்னும் அப்படியே கிடக்கிறது. கிடக்கட்டும்.

இப்போது நாங்கள் கொழும்பில். பேக்கப் எந்த நாட்டில், எந்தப் பெட்டியில் ஓடுகிறது என்றே எனக்குத் தெரியாது. மெஷின்களின் பெயர்களை வாயால் சொல்லவும் முடியாது. முடிந்ததும் மெயில் வரும். திறக்காமலே அழிப்பேன்.

ஆனால் தினமும் பள்ளி விட்டு வீட்டுக்கு வந்ததும் கலா ஒரு மெசேஜ் போடுவாள். கடற்கரைக்குப் பக்கத்தில், வியர்த்துக் கொட்டும் ஒரு ஃபிளாட்டில் இருந்துகொண்டு...

நானுஓயா வந்தாச்சு.