மஞ்சள் கயிறும் மனசுக்குள் தைத்த பிளவுஸும்

1998-ம் வருடம். பெங்களூரு தொம்மலூரில், வீட்டு முன்னறையிலேயே ஒரு சின்ன தையல் கடை வைத்திருந்தேன். தண்ணீர் லாரிக்காரரிலிருந்து வீட்டு ஓனர் வரை, என் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. அப்பேர்ப்பட்டவளை ஒரு மெஷின் ஓட ஓட விரட்டியது.

வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. முதலில் ஊசி நழுவியது, அப்புறம் கத்திரிக்கோல். கழுத்தில் நரம்பு அழுந்துகிறதா என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், தள்ளிப்போட்டால் கையே விளங்காமல் போகலாம் என்றார் டாக்டர். எனக்குக் கை போனால் எல்லாமே போச்சு.

போனேன். அந்த வெள்ளைக் குழாய்க்குள் தலை நுழைந்ததுதான் தெரியும். "ஐயோ, எடுங்க, எடுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்களாம். செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்டோ ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பழியைத் தூக்கித் தாலி மேல் போட்டேன். உலோகம் எதுவும் கூடாது என்று அதைக் கழற்றச் சொன்னார்கள், அதனால்தான் மனசு பதறிவிட்டது என்று சாதித்தேன். அடுத்த வாரம் என் கணவர் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி அழைத்துப்போனபோதும், "தாலியைக் கழற்ற மாட்டேன்" என்று வரவேற்பறையிலேயே அடம்பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்கேன் எடுக்கும் சிஸ்டர் கன்னடக்காரப் பெண். மேஜை டிராயரைத் திறந்து, ஒரு மஞ்சள் கயிறும் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கும் எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். "எல்லா அக்காவும் இதத்தான் சொல்றாங்க. அதான் வாங்கியே வெச்சிட்டேன். நீங்களே கட்டுங்க சார்."

அத்தனை பேர் பார்க்க, அந்த மனுஷன் என் கழுத்தில் முடிச்சுப் போட்டார். "கெட்டிமேளம் எங்கேப்பா?" என்று யாரோ கேட்க, அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தவளுக்கு அடுத்த நொடியே கண் நிறைந்துவிட்டது.

"தாலியெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். எனக்கு பயமா இருக்கு."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஹெதர்பேடி, பயப்படாதீங்க அக்கா. பயப்படாதவங்க யாரு இருக்கா?" குழாய் இரண்டு பக்கமும் திறந்துதான் இருக்கும், உள்ளே வெளிச்சமும் காற்றும் வரும், சத்தம் மட்டும்தான், வலியே இருக்காது என்று நிதானமாகச் சொன்னாள். ஒரு ரப்பர் பந்தைக் கையில் வைத்து, இதை அழுத்தினால் அடுத்த நிமிஷம் வெளியே இழுத்துவிடுவேன் என்றாள். அப்புறம், "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டாள்.

"தையல்."

"அப்போ சத்தம் உங்களுக்குப் புதுசா? உள்ள படுத்துக்கிட்டு மனசுலயே எனக்கு ஒரு பிளவுஸ் தைங்க. நீங்க முடிக்கறதுக்குள்ள நான் ஸ்கேன முடிச்சிடுவேன். ஆனா கை கால் ஆடக் கூடாது!"

என்னது, தையலில் என்னையே ஜெயிப்பாளாமா! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தங்கத் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, விறுவிறுவென்று போய்ப் படுத்தேன்.

கணவரையும் உள்ளே விட்டார்கள். பெல்ட்டைக் கழற்றச் சொன்னதால் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் கால் கட்டைவிரலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தடதடவென்று சத்தம் ஆரம்பித்தது. பந்தை அழுத்தப் போனேன். கட்டைவிரலில் அவர் பிடி இறுகியது. கண்ணை மூடித் துணியை விரித்தேன்.

வெட்டினேன். டக் பிடித்தேன். பட்டி வைத்துத் தோளை இணைத்தேன். மெஷின் சத்தம் மாறும்போதெல்லாம் நானும் அடுத்த வேலைக்கு மாறினேன். கழுத்துக்கு பைப்பிங் வைக்கும்போது, அழுத்தமாகவே மிதித்தேன், மனசுக்குள்தான். கை வைத்து, கொக்கி தைத்து, இஸ்திரியும் போட்டு மடித்து வைத்துவிட்டேன். மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது!

"ஆய்த்தக்கா, முடிஞ்சுது!" என்று அவள் வெளியே இழுத்தபோது, "உன் பிளவுஸ் எப்பவோ ரெடி!" என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கழுத்தில் ஒரு ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. மாதங்கள் கழித்து விரல்களுக்கு உயிர் வந்ததும் நான் முதலில் தைத்தது அந்த பிளவுஸைத்தான். அளவெடுக்கவே இல்லை, தையல்காரி கண்ணுக்கு அது எதற்கு? சிஸ்டர் போட்டுப் பார்த்துவிட்டு, கச்சிதம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

இன்றைக்கும் எங்கள் பக்கம் யாருக்காவது ஸ்கேன் என்றால் முதல் ஆளாக என்னைத்தான் கூப்பிடுவார்கள். கைப்பையில் மஞ்சள் கயிறோடு போவேன். போனதும் பக்கத்தில் உட்கார்ந்து, "பயமா இருக்கா? எனக்கும் இருந்துச்சு" என்பேன். அன்று வாய்விட்டு அதைச் சொன்ன பிறகுதான் என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது என்பதை, ஒவ்வொரு முறை ஊசியில் நூல் கோக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.