ஆர்கன் திறந்த நாள்

குண்டசாலையில் ஒரு ஹோட்டல் வாசலில் பூந்தொட்டி வைக்கும் மேசையாக நின்ற பழைய மிதி ஆர்கனின் மூடியைத் தூக்கினேன். அந்துருண்டை வாசனை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் இடித்துத் தள்ளிய எங்கள் தேவாலயத்தின் வாசனை அது.

அங்கே சனிக்கிழமை மாலைகளில் மறுநாள் ஆராதனைக்குப் பாட்டுத் தெரிவு செய்வார்கள். ஆங்கிலப் பாடகர் குழு ஆர்கனை முனகவைத்தும் முழங்கவைத்தும் ஆற அமரத் தெரிவு செய்துவிட்டு, "தமிழ்ப் பாட்டுக்கு இது எதுக்கு?" என்று மூடியைப் பூட்டிக்கொண்டு போன பிறகுதான், தமிழ்க் குழுவை நடத்திய அம்மாவின் முறை வரும்.

"போகட்டும் விடுங்க, நமக்குத் தொண்டை இருக்கு" என்பார் அம்மா. ஆனால் வாரமெல்லாம் கொழுந்து பறித்து இருமிக்கொண்டு வந்தவர்களுக்குக் குரல் எட்டாத பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள, பழைய நாலைந்தே மிஞ்சும். ஆர்கன் தாங்கிப் பிடித்தால் பாடிவிடலாம் என்று ஒரே ஒரு உச்சஸ்தாயிப் பாட்டை மட்டும் தள்ளாமல் வைத்திருந்தார்.

அம்மாவின் அடக்க ஆராதனைக்குப் ஆங்கிலக் குழுவினர் பெரிய மனது பண்ணி ஆர்கனைத் திறந்தார்கள். எந்தப் பாட்டு என்று எங்களை யாரும் கேட்கவில்லை. ஆங்கிலப் பாட்டொன்றை அவர்களே தெரிவு செய்து, அவர்களே பாடினார்கள். தொண்டை இருந்த எங்கள் ஆட்கள் வாய்மூடி நின்றார்கள்.