தலைக்கு மேல் போன கரண்டு

எங்கள் காட்டில் நட்டிருந்த பெரிய லைன் டவருக்கு அப்பா வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்துத் தேங்காய் உடைப்பார். அவருக்கு போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. வடக்கே போனால் திரும்பிவர மாதக் கணக்காகும். பூஜைக்கு மட்டும் எப்படியாவது வந்துவிடுவார். இரும்பு என்று ஒன்று கண்ணில் பட்டால் பொட்டு வைக்காமல் விடுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. டவருக்குக் கொஞ்சம் கூடவே வைத்தார். இவ்வளவு கரண்டு போகிறது, ஒருநாள் நமக்கும் இறங்காதா என்ற நப்பாசைதான்.

இறங்கவில்லை. கோழிப் பண்ணையைத் தாண்டினால் எங்களுடையது உட்பட நான்கே வீடுகள், ஒன்றிலும் கரண்டு கிடையாது. பண்ணையில் குஞ்சுகளுக்கெல்லாம் பல்பு எரியும். நாங்கள் அங்கே போய் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு வருவோம். அம்மா கேட்டது அடுப்படிக்கு ஒரே ஒரு பல்பு. லைன்மேனைப் பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வாள்.

“ஏனுங்க, எங்க காட்டு மேலயே போகுதுங்களே, அதுல ஒரு ஒயரு இழுத்துக் குடுக்கப்படாதுங்களா?”

“அது பெரிய லைனுங்கம்மா, கை வைக்க முடியாதுங்க. கம்பம் நட்டுத் தனியாத்தான் கொண்டாரணும்.”

“ஆறு நெறயத் தண்ணி போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கணும்பாங்க. எங்கள நக்கவும் உடமாட்டீங்களாட்ட இருக்குது.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

ஒரு பூஜை லீவில் அப்பா துணி காயப்போடக் கம்பி கட்டினார். இரண்டு மரக் கம்பங்களை நட்டு, லைனுக்கு நேர் கீழே, அது போகிற போக்கிலேயே நீளமாக இழுத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வெறுங்கம்பி. தூறல் விழுந்த ஒரு காலையில் ஈரச் சேலையோடு அம்மா அதைப் பிடித்தாள். தூக்கி எறிந்துவிட்டது. பெரிய லைனுக்கு அடியில் அப்படிக் கட்டினால் லைனைத் தொடாமலேயே கம்பியில் கரண்டு ஏறும் என்று லைன்மேன் வந்து அறுத்துப் போடும்போது சொன்னார். அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

போன வருஷம் பண்ணைப் பக்கமாகக் கம்பம் நட்டுக் கரண்டு கொடுத்தார்கள். “லைட்டு எரியுதா கண்ணு?” என்று அப்பா போனில் கேட்டார். எரிகிறது என்றேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அம்மா சுவிட்சைத் தொடுவதில்லை. குச்சியால் தட்டச் சொல்லிப் பார்த்தேன். பட்டது போதும் என்றுவிட்டாள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஆபீசில் வேலை முடித்து நான் வருகிறபோது இருட்டியிருக்கும். அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள்.

“வந்துட்டியா சாமி, லைட்டப் போடு.”

இப்போதெல்லாம் காலையில் கிளம்பும்போதே போட்டுவிட்டுப் போகிறேன்.

“பட்டப்பகல்ல எதுக்குச் சாமி, வீணா எரியுது” என்று தினமும் திட்டுகிறாள். நாளெல்லாம் அதன் கீழேயே சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழுகிறாள். இதுவரை ஒருநாளும் அதை அணைத்ததில்லை.