ஜரீனா இல்லையென்று சொன்ன கிரகம்

சிங்கப்பூரின் செங்காங்கில் பதினோராம் மாடியில் குடியிருக்கும் ஜரீனா வானத்தை நிமிர்ந்து பார்த்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. இந்த ஊர் வெளிச்சத்தில் நிமிர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. அவர் பார்ப்பதெல்லாம் கோடுகளைத்தான். பகலில் மருத்துவமனையில் நோயாளிகளின் இதயத் துடிப்பை இசிஜி தாளில் எடுப்பது இருபத்தெட்டு வருட வேலை. வீட்டுக்கு வந்து தொழுது முடித்துக் கணினி முன் உட்கார்ந்தால் நட்சத்திரங்களின் கோடு.

விஷயம் இதுதான். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களை நேரில் பார்ப்பது அநேகமாக முடியாத காரியம். ஆனால் கிரகம் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் மயிரிழை அளவு குறையும். விண்வெளியில் இருக்கும் தொலைநோக்கி அந்த வெளிச்சத்தை அளந்து அனுப்பும்; அதைக் கோடாக வரைவார்கள். கோட்டில் எங்கே பள்ளம் விழுகிறது என்று பார்த்துச் சொல்ல, ஓர் ஆய்வுக் குழு இணையத்தில் ஆள் தேடியது. சம்பளம் கிடையாது. நம்மில் பலர் நானூறு கோட்டோடு எழுந்து போயிருப்போம். ஜரீனா மூன்று வருடத்தில் நாற்பதாயிரம் பார்த்தார்.

அதில் ஒரு நட்சத்திரத்தின் கோட்டில் மூன்று பள்ளங்களை அவர்தான் முதலில் குறித்தார். கணினியே தவறவிட்டவை அவை. பல மாதம் ஆராய்ந்த குழு, கிரகமாகத்தான் இருக்கவேண்டும் என்று எழுதியது. வெளிவரப்போகும் கட்டுரையில் கண்டுபிடித்தவர்களில் ஒருவராக அவர் பெயரும் இருக்குமாம்.

கணவர் இப்ராஹீமுக்கு லிட்டில் இந்தியாவில் பயணப்பெட்டி விற்கும் கடை. மனிதருக்கு வாயில் எதுவும் தங்காது. பெட்டியின் சக்கரம் நன்றாக உருளுமா என்று கேட்டவர்கள், கிரகத்தின் கதையை முழுதாகக் கேட்ட பிறகே பதில் வாங்க முடிந்தது. அவர் போகும் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஜரீனாவுக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடாகி, பிரியாணிக்கும் சொல்லிவிட்டார்கள். ஜரீனா வேண்டாம் வேண்டாம் என்றாலும் உள்ளுக்குள் ஆசைதான். இத்தனை வருடம் அவர் எடுத்த தாள்களின் கீழே டாக்டர்களின் பெயர்தான் இருந்திருக்கிறது. தன் பெயர் ஓர் இடத்தில் அச்சில் வருமென்றால் யாருக்குத்தான் இனிக்காது?

கட்டுரை திங்கட்கிழமை ஆய்விதழுக்குப் போவதாக இருந்தது. முந்தைய வியாழக்கிழமை, அதே நட்சத்திரத்தில் புதிதாகப் பதிவான ஒன்பது பள்ளங்களைக் குழு எல்லாருக்கும் அனுப்பியது. ஜரீனா அவற்றை நீளமாக அச்செடுத்து மேசையில் விரித்தார். ஒரு துண்டுக் காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு குறி போட்டு, பள்ளத்துக்குப் பள்ளம் நகர்த்திக்கொண்டே போனார். துடிப்பு சீராக இருக்கிறதா என்று இசிஜியில் அப்படித்தான் பார்ப்பார்கள். இடைவெளி எல்லாம் ஒன்றுபோல இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. துண்டுக் காகிதத்தைச் செங்குத்தாகத் திருப்பி ஆழத்தையும் அளந்தார். இதயத்தைச் சுற்றி நீர் கோத்த சில நோயாளிகளுக்கு ஒரு துடிப்பு உயரமாகவும் அடுத்தது குட்டையாகவும் வரும். அவசரமாகப் பார்ப்பவர்களுக்குச் சீராகத்தான் தெரியும். அதைப் பிடித்து டாக்டர்களை ஓடிவரச் செய்தவர் அவர். இங்கேயும் ஒரு பள்ளம் ஆழம், அடுத்தது கொஞ்சம் குறைவு, மறுபடி ஆழம். ஒன்பதும் அப்படியே.

ஒரே கிரகம் மறைத்தால் எல்லாப் பள்ளமும் ஒரே ஆழத்தில் இருக்கவேண்டும். மாறி மாறி வந்தால் அங்கே கிரகம் இல்லை. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி மறைத்து விளையாடுகின்றன. முதல் மூன்று பள்ளங்களில் குழுவும் இந்தச் சோதனையைச் செய்திருந்தது, அதில் பிடிபடவில்லை. புதிய ஒன்பதையும் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காட்டியதில் வேறுபாடு மறைந்துபோயிற்று.

ஜரீனா முதலிலிருந்து இன்னொரு முறை அளந்தார். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் யும்னாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“மா, அவங்கல்லாம் பிஎச்டி லா. செக் பண்ணாமலா பேப்பர் அனுப்புவாங்க? சண்டே முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்.”

மகள் சொன்னதில் தப்பில்லை. மூன்று நாள் பொறுத்தால் நட்சத்திரம் ஓடிவிடாது. பொன்னாடையும் கிடைக்கும், கட்டுரை போவதற்குள் சொல்லியும் விடலாம். அன்றிரவு ஜரீனா அதைத்தான் நினைத்துப் பார்த்தார். ஆனால் இசிஜி அறையில், பார்த்ததைப் பார்த்த நிமிடமே சொல்லிவிடவேண்டும். தனக்குத் தோதான நேரம் வரட்டும் என்று ஒருநாளும் அவர் எதையும் வைத்துக்கொண்டதில்லை. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், அளவுகளை வரிசையாக எழுதி, இது கிரகம் இல்லையென்று நினைக்கிறேன் என்று மெயில் அனுப்பினார். சாப்பாட்டைத் தொடாமலே வேலைக்குத் திரும்பினார்.

சனிக்கிழமை காலை பதில் வந்தது. சரிபார்த்தோம், நீங்கள் சொன்னதுதான் சரி, கட்டுரையை நிறுத்திவிட்டோம், மிக்க நன்றி. கட்டுரை இல்லையென்றால் பெயரும் இல்லை.

கணவரிடம் போனில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ரயிலேறி நேரே கடைக்குப் போய், பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். ஊரெல்லாம் சொல்லி வைத்த மனிதர் இனி யார் முகத்தில் விழிப்பார் என்பதே ஜரீனாவின் கவலை.

  இப்ராஹீம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“நீ சொல்லலைன்னா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“இப்பத் தெரிஞ்சிருக்காதுங்க. பேப்பர் வந்து ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சு வேற யாராச்சும் கண்டுபிடிச்சிருப்பாங்க.”

இப்ராஹீம் போனை எடுத்துச் சங்கத் தலைவரை அழைத்தார். மறைவாகப் போய்ப் பேசுவார் என்று ஜரீனா எதிர்பார்த்தார். வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, எப்போதும்போல உரக்கத்தான் ஆரம்பித்தார்.

“நாளைக்குப் பொன்னாடை வேணாங்க. அது கிரகம் இல்லையாம். யார் சொன்னாங்களா? என் மனைவிதான் சொன்னா. பெரிய பெரிய ஆளுங்க இருக்குன்னுதான் எழுதி வச்சிருந்தாங்க. இவ ஒரு துண்டுக் காகிதத்தை வச்சு அளந்து இல்லைன்னுட்டா. கேளுங்க, முழுசாச் சொல்றேன்.”

மெயில் அனுப்பியபோதும் பதில் வந்தபோதும் அழாத ஜரீனா, அப்போது அழுதார்.