மகள் பேசிய முதல் வார்த்தை

என் மகள் யாழினிக்கு மூளைவாதம். ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. கணவருக்கு ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் வேலை, மெட்டுகுடாவில் குடியிருந்தோம். ஒரு தடவை 'அம்மா' என்று கூப்பிட்டால் போதுமென்று, நாள் முழுக்கப் பட அட்டைகளைக் காட்டி அவளைப் படுத்தி எடுப்பேன்.

உப்பலில் இருந்த பிசியோதெரபி மையத்துக்கு ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போவேன். பக்கத்துப் பாயில் நஸ்ரீன் என்ற சிறுமி, காலை மடக்கினாலே "நக்கோ! நக்கோ!" என்று கத்துவாள். ஹைதராபாத் உருதுவில் வேண்டாம் என்று அர்த்தம். தெரபிஸ்ட் உடனே கையை எடுத்துவிடுவார். யாழினி சத்தமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். என் பிள்ளை எவ்வளவு சமத்து என்று எனக்குப் பெருமை.

நிற்கப் பழக்க, காலுக்குத் தாங்கலாக இரும்புக் காலிப்பர் மாட்டும்போது மட்டும் அழுவாள். அடம் என்று நினைத்து அதன் பெல்ட்டை இறுக்குவேன்.

ஒருநாள் காலை அப்படி இறுக்கியபோது என் கையைத் தள்ளினாள். குழறலாக, "நக்கோ" என்றாள்.

"என்னங்க, பாப்பா பேசிட்டா!" என்று கத்தினேன். "இன்னொரு தரம் சொல்லுடா கண்ணு!"

ஓடி வந்த கணவர், "வேண்டாம்னு சொல்றா. முதல்ல அதைக் கழட்டு" என்றார்.

கழற்றினேன். கால் வளர்ந்திருந்தது. பெல்ட் தடம்தானே என்று நான் விட்டிருந்த இடத்தில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது.

காலிப்பரை மாற்றினோம். 'அம்மா' வர வெகுநாள் ஆனது. அன்றிலிருந்து தினமும் பெல்ட்டைத் தொடுமுன், "நக்கோவா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பேன்.