செத்த சமையல்காரர் கொண்டுவந்த டீ

என் அக்கா கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைக்காவிட்டாலே அவளுக்குக் குமட்டும். அப்படிப்பட்டவள் ஏழு வருடமாக ஒரு சரக்குக் கப்பலை நடுக்கடலில் ஓட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் தான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் நின்றபடி, ஆள் வராத நேரத்தில், கைபேசியில், கட்டைவிரலால்.

கப்பல் அவளுடையது இல்லை. ஒரு டிவி தொடரில் வந்தது. அதில் ஒரு கேப்டன், எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் ஒரு பெண் இன்ஜினியர். ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர்; சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒருநாள் கேப்டன் எஞ்சின் அறைக் கதவைத் தட்டி, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். 'தொடரும்' என்று போட்டார்கள். தொடரவில்லை. சேனல்காரர்கள் இரண்டு பேரையும் அம்போவென்று விட்டுவிட்டு, அந்த நேரத்தில் சமையல் போட்டி காட்ட ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் சமையல் போட்டியைப் பார்த்தார்கள். அக்கா மட்டும், "அந்த ஆள் என்ன சொல்ல வந்தான்னு தெரியாம நான் எப்படித் தூங்குறது?" என்று கேட்டுவிட்டுத் தானே எழுதத் தொடங்கினாள். ரசிகர்கள் கதை எழுதும் ஓர் இணையதளத்தில், 'கப்பல்காரி' என்ற பெயரில், திங்கட்கிழமைதோறும் ஓர் அத்தியாயம்.

நான் அவள் தம்பி. லிஃப்ட் பழுது பார்ப்பவன். கல்யாணம் ஒத்துவராமல் அவள் திரும்பி வந்ததிலிருந்து இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான். அவளுக்குத் தெரிந்த ஒரே மெக்கானிக் நான் என்பது அந்தக் கப்பல் செய்த பாவம்.

"டேய், எஞ்சின் நடுவழியில நின்னா என்ன பண்ணுவாங்க?"

"எனக்கு லிஃப்டுதான்க்கா தெரியும்."

"ரெண்டும் மோட்டார்தானே? சொல்லு."

விளைவு, கதவு சரியாக மூடாததால் ஒருமுறை கப்பல் நகர மறுத்தது. இன்னொரு முறை ஆள் அதிகம் ஏறிவிட்டார்கள் என்று மணி அடித்தது. நிஜமான மாலுமி ஒருவர், 'இப்படி ஒரு கப்பலை நான் கேள்விப்பட்டதே இல்லை. நிறுத்திடாதீங்க, எழுதுங்க' என்று கருத்துப் போட்டிருந்தார்.

அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. அத்தியாயத்தை வெளியிடுவதற்கு முன் 'முதல் வாசகர்' ஒருவர் படித்துத் தப்பு பார்த்துத் தருவார். அக்காவுக்கு வாய்த்தவரின் பெயர் கத்திரிக்கோல். ஆணா பெண்ணா, கிழமா குமரா, எந்தத் தேசம், எதுவும் தெரியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கும் பிறவி என்பது மட்டும் தெரியும். 'போன வாரம் கேப்டனுக்கு வலது முழங்காலில் அடி. இந்த வாரம் இடது காலை நொண்டுகிறார். என்ன நியாயம்?' என்று கேட்கும். அக்கா விடமாட்டாள். சனி, ஞாயிறு முழுக்க எழுத்திலேயே குடுமிப்பிடிச் சண்டை. கதையைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. 'எப்படி இருக்கீங்க' கூடக் கிடையாது. ஆனால் கைபேசி 'டிங்' என்றதும் அக்கா முகத்தில் ஒன்று வருமே, அது அவள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் இல்லை.

ஏழாம் வருடம் கதையில் மிச்சம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. கொள்ளைக்காரர்கள் வந்து உதை வாங்கிப் போய்விட்டார்கள். புயல் ஓய்ந்தது. துறைமுகம் தெரிந்தது. கேப்டன் வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கே பிடித்து அக்கா ஜவ்வாக இழுக்க ஆரம்பித்தாள். கேப்டனுக்குக் காய்ச்சல். இன்ஜினியருக்குப் பல்வலி. இருவருக்கும் சுகமானதும் மூடுபனி.

கடை முதலாளியும் அவள் வாசகர்தான். பொறுமை இழந்துவிட்டார்.

"ஏம்மா, அந்த மனுஷன் இந்த வாரமாவது பேசுவானா? எனக்கு பிரஷர் ஏறுது."

"மூடுபனி சார். எதிர்ல இருக்கிறது தெரியல."

"கண்ணாடிக் கடையில நின்னுக்கிட்டு பேசுற பேச்சா இது?"

நானும் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், துணி மடிக்கும்போது, "முடிச்சுத் தொலையேன்க்கா" என்றேன்.

"முடிச்சா, அப்புறம் கத்திரி எதுக்குடா எனக்கு எழுதும்?" என்றாள்.

கிண்டல் பண்ண வாயெடுத்தவன், அவள் பங்குத் துணியையும் சேர்த்து மடித்து வைத்தேன். ஏழு வருடமாக அவளோடு விடாமல் பேசுவது நான், முதலாளி, அப்புறம் அந்தப் பெயர் தெரியாத கத்திரிக்கோல். எங்கள் இரண்டு பேரையும் அவள் பெரிய துணையாக நினைத்த மாதிரி தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மூடுபனி விலகியது. கேப்டன் எஞ்சின் அறைக்குள் போய், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். இன்ஜினியர் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். கேப்டன் மூச்சை இழுத்தார். பின்னால் கதவு தட்டும் சத்தம். கப்பலின் சமையல்காரர் தட்டோடு உள்ளே வந்து, "சார், டீ" என்றார். அத்தியாயம் முடிந்தது.

சமையல்காரர் செத்து வருடக்கணக்கு ஆகியிருந்தது. பழைய புயல் ஒன்று அவரை அடித்துக்கொண்டு போனதாக எழுதிவிட்டு அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் கரண்டியைக் கடலில் விட்டு மொத்தக் கப்பலும் அழுதது. வாசகர்கள் இரங்கல் எழுதினார்கள். கேப்டனைத் தடுக்க யாராவது ஒரு ஆள் வேண்டும் என்ற அவசரத்தில், கைக்குக் கிடைத்தவரை அக்கா உள்ளே தள்ளிவிட்டாள்.

கருத்துகள் கொட்டின. 'நீந்தியே வந்துட்டாரா?' 'டீ சூடா இருந்துச்சா?' 'இரட்டைப் பிறவின்னு சப்பைக்கட்டு கட்டாதீங்க, கெட்ட கோபம் வரும்.' முதலாளி தன் மேஜையிலிருந்தே, "ஆவி டீ போடுமாம்மா?" என்று கத்தினார்.

சாயங்காலம் பேயறைந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. கத்திரிக்கு என்னடா ஆச்சு?"

"தூக்கக் கலக்கத்துல விட்டிருக்கும்."

"காற்புள்ளிக்குக் கழுத்தைப் பிடிக்கிற ஜென்மம்டா அது. செத்தவன் டீ கொண்டுவந்தா கோட்டை விடுமா? உடம்புக்கு ஏதாவது ஆயிருக்குமோ?"

எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. 'சமையல்காரரை நீங்க கவனிக்கலையா?' என்று கேட்டு அனுப்பினாள். சட்டி காய்ந்து புகைகிற வரைக்கும் பதில் இல்லை. அடுப்பை நான் அணைத்த பிறகுதான் 'டிங்'.

'கவனிச்சேன். சொன்னா அந்த ஆளைத் தூக்கிட்டு அப்பவே முடிச்சிருப்பீங்க. அப்புறம் சனி, ஞாயிறு நான் என்ன பண்றது?'

அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் அந்தக் கேப்டன் எவ்வளவோ தேவலை. அவன் கதவையாவது தட்டினான்."

வழக்கமாக இதற்குத் தலையில் ஒரு குட்டு விழும். அன்று விழவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் கருகிய சட்டியைத் தேய்க்கப் போய்விட்டேன்.

அந்த வாரமே சமையல்காரரை மரியாதையாகக் கடலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டுக் கடைசி அத்தியாயத்தை எழுதினாள். ஜவ்வு இல்லை, பனி இல்லை. கேப்டன் சொல்ல வேண்டியதை ஒரே வரியில் சொன்னார். இன்ஜினியர், "இதுக்கா இத்தனை நாள்?" என்றாள். அக்கா 'முற்றும்' போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கத்திரிக்கோலுக்கு அனுப்பிவிட்டு, பல் பிடுங்கிக்கொள்ள உட்கார்ந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

'திருத்தம் எதுவும் இல்லை' என்று வந்தது. ஏழு வருடத்தில் முதல் தடவை.

"அவ்வளவுதான்டா" என்றாள் அக்கா. எழுந்து சாப்பாட்டை எடுத்து வைத்தாள். தட்டில் கை வைக்கும்போது இன்னொரு 'டிங்'. பார்த்தவள் கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

'சாப்பிட்டாச்சா?'

"என்னடா இது?"

"சாப்பிட்டியான்னு கேக்குது."

"எனக்குப் படிக்கத் தெரியும். என்ன சொல்லணும், அதைச் சொல்லு."

புயலைப் பக்கம் பக்கமாக எழுதியவள் கேட்கிற கேள்வி! "சாப்பிட்டாச்சுன்னு போடு" என்றேன்.

"இன்னும் சாப்பிடலையே."

"அப்ப இல்லன்னு போடு."

அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள், மறுபடி அழித்தாள். கடைசியில் 'இன்னும் இல்ல. நீங்க?' என்று அனுப்பிவிட்டு, கைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தேன். அவள் சோற்றைத் தொடவே இல்லை.

"ஆறிப்போகுது, சாப்பிடுக்கா."

"இருடா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் இல்லன்னு இப்பத்தானே சொல்லியிருக்கேன். அது பதில் போடுறதுக்குள்ள சாப்பிட்டா பொய்யாயிடாதா?"